பொதுக் கிணறும் சார்ஜ் கம்பமும்

(கம்மாபுரத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாய்த் தோன்றலாம். கூட்ட நோட்டீசைப் பார்த்த இவ்வூர்ப் பெரியவர் ஒருவர், "ஜாதியைப் பற்றியும் சாமியைப் பற்றியும் பேசுகிறவர்கள் இப்போது மின்சார வண்டிக்குக் கரண்டு ஏற்றுவதைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே, சரக்குத் தீர்ந்து போய்விட்டதோ?" என்று கேட்டாராம். சரக்குத் தீரவில்லை என்பதை அவருக்குத் தெரிவித்துக் கொள்ளுகிறோம். பழைய சரக்கு எங்கெங்கே புது மூட்டையில் ஏறி வருகிறதோ, அங்கங்கே அதை அவிழ்த்துக் காட்டுவதுதான் நம் வேலை. ஆதலால் பெரியவர் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும்.

முதலில் நமக்கே நேர்ந்த ஒரு சங்கதியைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம். இரண்டு வருஷத்துக்கு முன், சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கூட்டத்தை முடித்துக் கொண்டு இரவு ஒன்பது மணிக்கு மேல் நமது மின்சார ஸ்கூட்டரில் திரும்பிக் கொண்டிருந்தோம். பின்னால் ஒரு தோழர் உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்குப் போகும்போதே வழி தப்பி ஏழெட்டு மைல் சுற்றியதால், பாதி வழியில் பேட்டரி நூற்றுக்கு நாலு என்று காட்டிற்று. சாலையோரம் ஒரு மெத்தை வீடு. திண்ணையில் பளிச்சென்று விளக்கு எரிகிறது. திண்ணைச் சுவரிலேயே பிளக் இருக்கிறது. வீட்டுக்காரர் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார். "ஐயா, ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக் கொள்ளுகிறோம், ஆகும் காசைக் கொடுத்து விடுகிறோம்" என்று கேட்டோம். அவரும் நல்ல முகமாகவே, "அதற்கென்ன, காசு எதற்கு? எந்த ஊர் நீங்கள்?" என்றார். ஊரைச் சொன்னோம். "ஊரில் எந்தத் தெரு?" என்றார். நமது தோழர் பொய் சொல்லத் தெரியாதவர். அவர் தெருவின் பெயரைச் சொன்னார். உடனே அந்த மனிதர் எழுந்து, "கரண்டு இல்லையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தலைக்கு மேலே விளக்கு எரிந்து கொண்டுதானிருந்தது!

அதன் பிறகு இரண்டு மைல் வண்டியைத் தள்ளிக் கொண்டு போனோம். மூடப்போகும் ஒரு டீக்கடையில் இருந்த கிழவியம்மாள் குளிர்ப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நமக்கு இடம் கொடுத்தார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை, "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டார். ஒன்றே கால் மணி நேரத்தில் வீடு வந்து சேரும் அளவுக்கு ஏறிற்று. அதற்குச் செலவான மின்சாரம் ஒரு யூனிட் கூட இராது. ஆனால் அந்த ஒரு யூனிட்டுக்காக மனிதன் மனிதனிடம் தன் தெருவைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் இன்றையப் பேச்சுக்கு ஆதாரமான விஷயமாகும்.

தோழர்களே, பெட்ரோல் பங்குக்குப் போனால் உங்களை எந்தத் தெரு என்று எவனாவது கேட்கிறானா? கேட்பதில்லை. ஏன்? அங்கே நல்லவர்கள் வேலை செய்கிறார்கள் என்பதாலா? இல்லை. அது எவன் காசு கொடுத்தாலும் ஊற்றுவதற்கென்றே பொதுவில் வைக்கப்பட்ட இடம். மின்சார வண்டி வந்த பிறகு பங்க் வீட்டுக்குள் போய்விட்டது. சொந்த வீடு, வண்டிக் கொட்டகை, கொட்டகையில் பிளக் உள்ளவன் இரவில் சொருகிவிட்டுத் தூங்குகிறான். அவனுக்குப் பொதுக் கம்பம் வேண்டியதில்லை. வாடகை வீட்டுக்காரனுக்கும், ஒரே அறைக்குள் ஆறு பேர் படுப்பவனுக்கும், இலவசக் குடிசை விளக்கு இணைப்பு உள்ளவனுக்கும் என்ன வழி? குடிசை இணைப்பு என்பது விளக்கெரிக்கக் கொடுத்த இணைப்பு. அதில் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றினால் குற்றம். ஆகவே, பணக்காரனுக்கு மலிவான வண்டியும் ஏழைக்கு விலையேறிய பெட்ரோலும் என்று ஆகிவிடுகிறது.

இதில் உயிர்ப் பிரச்சனையும் இருக்கிறது. 2022 மார்ச்சு மாதத்தில் வேலூரில் ஒரு வீட்டில் இரவில் மின்சார வண்டியைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கினார்கள். வண்டி தீப்பற்றி, புகையில் தகப்பனும் மகளும் மாண்டு போனார்கள். அந்த வருஷம் நாட்டின் வேறு பல இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அதற்கப்புறந்தான் சர்க்கார் விழித்துக் கொண்டு, பேட்டரிக்கான சோதனை விதிகளைக் கடுமையாக்கி 2022 டிசம்பரிலிருந்தும் 2023 மார்ச்சிலிருந்தும் இரண்டு தவணையாய் அமலுக்குக் கொண்டு வந்தது. விதி வந்தது நல்லதுதான். ஆனாலும் படுக்கும் அறையும் வண்டி நிறுத்தும் அறையும் ஒன்றாயிருக்கிற வீட்டுக்காரனுக்குச் சார்ஜ் போட வெட்டவெளியில் ஒரு இடம் வேண்டுமா, வேண்டாமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எரிந்த செய்தி வந்ததும் நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதோடு, பேட்டரிப் பெட்டியின் மேலும் குங்குமம் வைக்க ஆரம்பித்தார்கள். வண்டி எடுக்கும் நாளுக்கு ராகு காலம், எமகண்டம் பார்க்கிறார்கள். பேட்டரிக்கு ராகு தெரியாது, கேது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சூடு, மழைத் தண்ணீர், மட்டமான ஒயர், சரியில்லாத எர்த் ஆகிய இவைகள்தான். வெயிலில் ஓடிவந்த வண்டியை உடனே சார்ஜ் போடாமல் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். வண்டியோடு கொடுத்த சார்ஜர் தவிர வேறெதையும் சொருகாதீர்கள். ஐந்து ஆம்பியர் பிளக்கில் மூன்று சாமானை ஒட்டுப்போட்டு மாட்டாதீர்கள். குங்குமத்துக்குச் செலவழிக்கும் கவலையில் காற்பங்கை எர்த் கம்பிக்குச் செலவழித்தால் போதும். நாம் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வயரிங் வேலைக்காரர் ஒருவரிடம் ஏணி தூக்கியவர்கள். ஆகையால் இவ்வளவு அதிகாரத்தோடு சொல்லுகிறோம்.

நிற்க, இந்த வண்டியினால் ஏழைக்கு உண்மையிலேயே லாபம் உண்டா என்று பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் ஏறக்குறைய 100 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். மொபெட்டோ, சிறிய மோட்டார் சைக்கிளோ லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் ஓடினால் கிலோ மீட்டருக்கு 2 ரூபாய். மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 30 கிலோ மீட்டர் ஓடும். யூனிட் 8 ரூபாய் என்றால் கிலோ மீட்டருக்கு 27 காசு. பொதுக் கம்பத்தில் யூனிட் 20 ரூபாய் என்று வாங்கினாலும் 67 காசுதான். விருத்தாசலத்துக்குத் தினம் பீங்கான் வேலைக்குப் போய் வருகிறவனோ, மீன் கூடை வைத்துக் கொண்டு ஊர் ஊராய்ச் சுற்றுகிறவளோ ஒரு நாளைக்கு 40 கிலோ மீட்டர் ஓடினால், பெட்ரோலுக்கு 80 ரூபாய். கம்பத்துக் கரண்டுக்கு 27 ரூபாய். மிச்சம் 53 ரூபாய். மாதம் 25 நாளைக்கு 1,300 ரூபாய்க்கு மேல். வண்டியின் விலை அதிகம், சில வருஷங்களில் பேட்டரி தளர்ந்து போகும் என்பதெல்லாம் உண்மைதான். அதையும் கணக்கில் சேர்த்துக் கொண்டுதான் வாங்க வேண்டும். ஆனால் சார்ஜ் போட இடமில்லாதவனுக்கு இந்தக் கணக்கே எழாது.

இனி, இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? வேறெங்கும் போக வேண்டாம். இந்த மேடையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்திலிருந்துதான் வருகிறது. 1935ல் ஜம்புலிங்க முதலியார் என்பவர் நெய்வேலியில் தம்முடைய நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாய் ஒரு பொருள் வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956ல் அதற்காகக் கம்பெனி ஏற்பட்டது. 1957 மே மாதத்தில் நேரு அவர்கள் வந்து சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார்கள். 1962ல் ருஷியர்களின் உதவியோடு முதல் மின்சார யந்திரம் ஓட ஆரம்பித்தது. அந்த முதல் நிலையம் 58 வருஷம் ஓடி, 2020ல் நிறுத்தப்பட்டு விட்டது. அதற்குப் பதிலாக 500 மெகாவாட் யந்திரங்கள் இரண்டு வந்து விட்டன. இவையெல்லாம் ஆகாயத்தில் நிற்கவில்லை. கம்மாபுரம், விருத்தாசலம், குறிஞ்சிப்பாடி, புவனகிரிப் பக்கத்து ஜனங்களின் நிலத்தில் நிற்கின்றன. இந்த நிலத்தின் கரண்டு தமிழ்நாட்டுக்கு மாத்திரமல்ல, கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலுங்கானா, புதுச்சேரி ஆகிய எல்லாவற்றுக்கும் போகிறது. போகட்டும், அதை நாம் குறை சொல்ல வரவில்லை. மின்சாரத்துக்கு எல்லை போடுவது புத்திசாலித்தனமல்ல. ஆனால் அடுப்பு மூட்டி வைத்திருக்கிற வீட்டில் பந்தி எப்போதும் கடைசி என்றால் அந்த வீட்டுக்காரன் கேட்கத்தான் கேட்பான்.

2023 ஜூலை மாதத்தில் வளையமாதேவியில் நடந்ததை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கதிர் வாங்கும் தறுவாயிலிருந்த நெல் வயலில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டவென்று மண் தோண்டும் யந்திரங்கள் இறங்கின. நிலத்தை முன்பே எடுத்தாகிவிட்டது என்பது கம்பெனியின் வாதம். பயிர் நஷ்டத்துக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி ஐகோர்ட்டு சொல்லிற்று. யந்திரம் வயலில் இறங்க எவ்வளவு சுருக்காய் வழி பிறந்தது! கூலிக்காரனின் வண்டிக்குக் கம்பம் நட மாத்திரம் வழி பிறப்பதில்லையே என்பதுதான் நாம் கேட்பது.

வழி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, பணமும் ஒதுக்கியிருக்கிறது. 2018லேயே, மின்சார வண்டிக்குச் சார்ஜ் ஏற்றிக் காசு வாங்குவதற்கு மின்சார லைசென்ஸ் தேவையில்லை, எவர் வேண்டுமானாலும் நிலையம் வைக்கலாம் என்று மத்திய சர்க்கார் தெளிவுபடுத்தியாகி விட்டது. அந்த வருஷ முடிவில் வெளியிட்ட விதிகளில், பட்டணங்களில் மூன்று கிலோ மீட்டருக்கு மூன்று கிலோ மீட்டர் என்று சதுரம் போட்டு ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு நிலையம், பெரிய சாலைகளில் இரண்டு பக்கமும் 25 கிலோ மீட்டருக்கு ஒன்று, என்று எழுதினார்கள். தமிழ்நாட்டு சர்க்காரும் 2019ல் மின்சார வண்டிக் கொள்கை என்று ஒன்றைப் போட்டு, 2023ல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். 2024 அக்டோபரில் மத்திய சர்க்கார் துவக்கிய 10,900 கோடி ரூபாய்த் திட்டத்தில் 2,000 கோடி சார்ஜ் நிலையங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

காகிதத்தில் இவ்வளவும் இருக்கிறது. நிலையங்கள் எங்கே போய் நின்றன என்று பாருங்கள். 2024 முடிவில் இந்தியா முழுவதும் 25,000 சொச்சம் பொது நிலையங்கள். அதிகமாய் வைத்தது கர்நாடகம், 5,700 சொச்சம். அதிலும் பெரும் பகுதி பெங்களூர் என்கிற ஒரே ஜில்லாவுக்குள் அடங்கி விட்டது. ஏனென்றால் வியாபாரி கூட்டம் இருக்கிற இடத்தில்தான் கடை போடுவான். காருக்கு வேகமாய் ஏற்றும் யந்திரம் ஒன்று பல லட்சம் ரூபாய். அதற்கு மூன்று பேஸ் இணைப்பும், சில இடங்களில் தனி டிரான்ஸ்பார்மரும் வேண்டும். கார் வந்தாலும் வராவிட்டாலும் மாதக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கார் வருகிற ஊரில் அவன் எதற்கு வைப்பான்? அவன்மேல் கோபித்துக் கொண்டு பயனில்லை. பெரிய சாலையில் 25 கிலோ மீட்டருக்கு ஒன்று என்ற விதியும் நமக்கு உதவவில்லை. கடலூர்-விருத்தாசலம் சாலை வடக்கே நெய்வேலி வழியாய்ப் போகிறது. கும்பகோணம் சாலை கிழக்கே வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாய்ப் போகிறது. கம்மாபுரம் இரண்டுக்கும் நடுவில் கிளைச் சாலையில் கிடக்கிறது. விதியின் கண்ணுக்கு இந்த ஊர் தெரியவே தெரியாது.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பஞ்சாயத்தோ சர்க்காரோ வைத்த சார்ஜ் கம்பத்தில் வண்டியைச் சொருகியவர்கள் எத்தனை பேர், கை தூக்குங்கள் பார்ப்போம். (ஒருவரும் தூக்கவில்லை.) மின்சார வண்டி வைத்திருப்பவர்கள்? (இருபது பேருக்கு மேல் கை தூக்கினார்கள்.) சரி, போதும்.

வேற்று நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், ஒரு சங்கதி சொல்லுகிறோம். ஆஸ்திரேலியாவில் நல்லர்பார் என்றொரு பொட்டல் வெளி. நூற்றுக்கணக்கான கிலோ மீட்டருக்கு மரமுமில்லை, ஊருமில்லை, மின்சாரக் கம்பியுமில்லை. அந்தச் சாலையில் காயிகுனா என்ற இடத்தில் ஒரு வழிப்போக்கர் விடுதி இருக்கிறது. 2022ல் ஒரு ஓய்வு பெற்ற எஞ்சினீயர் அங்கே ஒரு ஏற்பாடு செய்தார். விடுதிச் சமையலறையில் பண்டம் பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கொண்டு ஜெனரேட்டர் ஓட்டி, கார்களுக்குச் சார்ஜ் ஏற்றுவதென்பது! நம் ஊரில் பஜ்ஜி எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சி நமக்கே ஊற்றுகிறார்கள், அவர்கள் காருக்கு ஊற்றினார்கள். பின்பு அந்த மேற்கு ஆஸ்திரேலிய சர்க்காரே முன்வந்து, வடகோடியிலிருந்து தென்கோடி வரை சுமார் 7,000 கிலோ மீட்டர் சாலையில் 49 இடங்களில் நிலையங்கள் வைத்தது. லாபம் வரும் என்று வைக்கவில்லை. நடுவில் ஒரு நிலையம் இல்லாவிட்டால் இரண்டு பக்கத்து நிலையமும் வீண் என்பதால் வைத்தது. நார்வேயிலும் அப்படியே. முக்கியச் சாலைகளில் 50 கிலோ மீட்டருக்கு ஒன்று வைக்க முதலில் சர்க்கார் கைப்பணம் கொடுத்தது, வியாபாரி பிறகு வந்தான். 2024ல் அங்கே விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்கள். இந்தியாவிலும் இமயமலையில் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக் காசா என்ற ஊரில், கடலுக்கு மேல் 12,000 அடிக்கு அதிகமான உயரத்தில், 2021ல் ஒரு நிலையம் வைத்தார்கள். பனி மூடும் மலை உச்சியில் வைக்க முடிந்தது கம்மாபுரம் பஸ் நிறுத்தத்தில் முடியாது என்று எவராவது சொல்வாரானால், அவரை நாம் சந்திக்க ஆசைப்படுகிறோம்.

ஆனால் நமக்குப் பொருத்தமானது ஆஸ்திரேலியாவுமல்ல, நார்வேயுமல்ல; பக்கத்திலிருக்கிற கேரளந்தான். அங்கே மின்சார வாரியம் 2021ல் கோழிக்கோட்டில் ஆட்டோக்காரர்களுக்காகத் தெருவிலிருக்கிற மின்சாரக் கம்பத்திலேயே ஒரு சிறு பெட்டியை மாட்டி, அதில் சார்ஜ் போட்டுக் கொள்ளச் செய்து பார்த்தது. பிறகு சட்டசபைத் தொகுதி ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்குப் போட்டு 140 தொகுதிகளிலும் வைக்கத் துவங்கி, ஆயிரத்துக்கு மேல் மாட்டி விட்டார்கள். தனிக் கட்டிடமில்லை, தனி டிரான்ஸ்பார்மரில்லை. கம்பம் முன்பே நிற்கிறது, கம்பி முன்பே ஓடுகிறது. ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் வேண்டியது 3 கிலோவாட்டுப் பிளக்தான். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் இழுக்கிற கரண்டை விட அது குறைவு. இம்மாதிரிப் பிளக்குகளுக்கு நாட்டுத் தரமும் எழுதியாகி விட்டது. ஆகவே கிராமத்துக்குச் சார்ஜ் நிலையம் என்றால் பளபளக்கும் கண்ணாடிக் கொட்டகை என்று நினைத்து ஏங்க வேண்டியதில்லை. மழை படாத கூரை, நல்ல எர்த், மீட்டர், நாலு பிளக், ஒரு விளக்கு, இவ்வளவுதான்.

இதிலும் சில சூதுகள் உண்டு. பட்டணத்தில் நாம் பார்த்த ஒரு நிலையத்தில், செல்போனில் ஆப் இறக்கி, அதில் முன்பணம் போட்டு, இங்கிலீஷில் ஏழெட்டுக் கேள்விக்குப் பதில் எழுதினால்தான் கரண்டு வரும். நம் போனில் அதெல்லாம் முடிந்த பிறகு "யந்திரம் பழுது" என்று வந்தது. முன்பணம் திரும்பி வர பதினோரு நாள் ஆயிற்று. இது எழுத்தறிந்தவன் கதி. எழுதப் படிக்கத் தெரியாத மீன்காரி என்ன செய்வாள்? ஒரு காலத்தில் மந்திரம் சமஸ்கிருதத்தில் இருந்ததால் நமக்குப் புரியவில்லை, புரிந்தவன் தட்சணை வாங்கினான். இன்று யந்திரம் இங்கிலீஷில் பேசுகிறது. தமிழில் எழுதி, டீக்கடையில் காசு கொடுப்பது போலவே சில்லரையாகவோ போன் மூலமோ கொடுக்கும்படி வைத்தால் போதும். ஒரு கம்பெனி வண்டியின் பிளக் இன்னொரு கம்பெனிக் கம்பத்தில் பொருந்தாது என்ற கூத்தும் நடந்து வருகிறது. ஸ்கூட்டருக்கென்று ஒரே மாதிரி பிளக்குக்கு 2023ல் இந்தியத் தரம் ஏற்பட்டும் எல்லாக் கம்பெனியும் அதன் வழிக்கு வந்தபாடில்லை. கம்பெனிகளுக்குள்ளும் தீட்டு உண்டு போலும்!

இப்போது பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறோம். கம்பம் வைக்கச் சர்க்கார் ஒப்புக் கொண்டால், அதை எங்கே நடுவது? இதில்தான் பழைய மூட்டை அவிழப் போகிறது. "எங்கள் தெருக் கோயில் வாசலில் நடலாம், இடம் விசாலமாயிருக்கிறது" என்று ஒருவர் வருவார். "எங்கள் பெரிய வீட்டுத் திண்ணை ஓரம் நடலாம், காவலுக்குக் காவல் ஆயிற்று" என்று இன்னொருவர் வருவார். நல்ல மனதோடுதான் சொல்லுவார்கள். நட்ட பிறகு, காலனியிலிருந்து வருகிறவன் அந்தத் தெருவில் வண்டியை உருட்டிக் கொண்டு வர வேண்டும், ஒரு மணி நேரம் அங்கே நிற்க வேண்டும், நிற்கும்போது எதிர்த் திண்ணையிலிருந்து ஒருவர், "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார். இரண்டாந்தடவை அவன் வரமாட்டான்.

கிணற்றின் சரித்திரம் இதுதானே! சர்க்கார் பணத்தில் வெட்டிய கிணற்றைப் பொதுக் கிணறு என்று பலகை எழுதி, பலகையைப் படிக்க விடாமல் வைத்திருந்தார்கள். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டிடம் எல்லாவற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1924ல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. அதே வருஷத்தில் வைக்கத்தில் தெருவில் நடப்பதற்கே போராட்டம் நடந்தது. பஸ் வந்த காலத்தில், "ஆதிதிராவிடர்களுக்கு டிக்கட்டு இல்லை" என்று பஸ்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். 1930ஐ ஒட்டி இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த சௌந்தரபாண்டியன் அவர்கள், அப்படி மறுக்கிற பஸ்களுக்கு லைசென்சைப் பிடுங்கி விடுவதாக உத்தரவு போட்டார்கள். அதன் பிறகு எல்லோருக்கும் டிக்கட்டுக் கிடைத்தது. பஸ்காரர்களுக்கு ஒரே இரவில் ஞானம் பிறந்துவிட்டது என்று நாம் நினைக்கவில்லை, லைசென்சு பிடுங்கப்படும் என்று தெரிந்து கொண்டார்கள்.

"அதெல்லாம் பழங்கதை" என்பீர்களானால், 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் ஆதிதிராவிடர்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது பழங்கதையா? மின்சாரத்தில் மலத்தைக் கலக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒயரை அறுக்கலாம், பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக் கொள்ளலாம், கரண்டு இல்லை என்று சொல்லலாம். ஆகையால்தான் கம்பத்தைப் பஸ் நிறுத்தத்திலோ, யூனியன் ஆபீஸ் வாசலிலோ, எல்லோரும் கேள்வி கேளாமல் நிற்கக் கூடிய இடத்தில் நட வேண்டும் என்றும், சாவி என்று ஒன்றே இருக்கக் கூடாது என்றும், இரவு முழுவதும் விளக்கெரிய வேண்டும் என்றும் சொல்லுகிறோம். விளக்கு ஏன் என்றால், இருட்டில் தனியாய் வண்டியோடு நிற்கப் போகிறவர்களில் பாதிப்பேர் பெண்களாயிருப்பார்கள்.

கூட்டத்திலிருந்து இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒன்றில், "நெய்வேலிக் கரியை எரித்து வருகிற கரண்டில் ஓடும் வண்டியால் புகை குறையும் என்பது மோசடியல்லவா?" என்று ஒரு தோழர் கேட்டிருக்கிறார். யோக்கியமான கேள்வி. பழுப்பு நிலக்கரி மட்டமான கரி, அதிலிருந்து வருகிற கரண்டில் மாத்திரம் வண்டி ஓடினால் கரியமில வாயு விஷயத்தில் லாபம் மிகக் குறைவு, சில சமயம் ஒன்றுமே இராது. அதை மறைத்துப் பேசுவது நம் வழக்கமல்ல. ஆனால் கம்பியில் வருவது கரிக் கரண்டு மாத்திரமல்ல. தமிழ்நாட்டில் காற்றாடியும் சூரிய வெளிச்சமும் நிறையக் கரண்டு கொடுக்கின்றன. இதே நெய்வேலிக் கம்பெனியே ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சார நிலையங்கள் வைத்திருக்கிறது. பகலில் அது மிகுந்து போகிறது. ஆதலால்தான் 2024 செப்டம்பரில் மத்திய சர்க்கார் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில், காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சார்ஜ் நிலையங்களுக்குக் கரண்டை மலிவாயும், மற்ற நேரத்தில் விலை கூட்டியும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்க்கிற தோழர்களுக்கு இந்த ஒரு நல்ல நேரத்தை நாமும் சிபாரிசு செய்கிறோம். பகலில் வேலை செய்கிறவன் வீட்டில் போட முடியாது, வேலை செய்கிற இடத்தருகிலுள்ள பொதுக் கம்பத்தில்தான் போட முடியும் என்பதையும் கவனியுங்கள்.

இன்னொரு சீட்டில், "இதற்குப் பணம் யார் கொடுப்பது?" என்று இருக்கிறது. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டைப் பொதுக் காரியத்துக்குச் செலவழித்தாக வேண்டும். நிலத்தைக் கொடுத்த ஊர்களில் ஊருக்கு நாலு பிளக் வைக்க அதில் ஒரு துளி போதும். அதைத் தர்மம் என்று பெயர் சொல்லி, பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு வாங்காதீர்கள். வடலூரில் வள்ளலார் 1867ல் மூட்டிய அடுப்பில் பசித்தவனுக்குச் சோறு போடுகிறார்கள், அது தர்மம். நிலம் கொடுத்தவன் கரண்டு கேட்பது தர்மமல்ல, பாக்கி.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. அடுத்த சபையில் வைக்க வேண்டிய மனுவைத் தலைவர் எழுதி மேசை மேல் வைத்திருக்கிறார். இடம் பஸ் நிறுத்தம், பிளக் நாலு, எழுத்து தமிழ், கட்டணம் யூனிட் கணக்கில், விளக்கு இரவு முழுவதும், பழுதானால் மூன்று நாளில் சீர் செய்வது, ஆகிய இவ்வளவும் அதில் கண்டிருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் தெருப் பெயரை எழுத வேண்டாம், ஊர்ப் பெயர் போதும். தாய்மார்கள் முதலில் வரலாம். நமது வண்டி தலைவர் வீட்டுத் திண்ணையில் சார்ஜ் ஏறிக் கொண்டிருக்கிறது. காசு வாங்க மாட்டேன் என்று அவர் பிடிவாதம் செய்கிறார். மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம்.